முஸ்தபாவுக்கு ஒரு ரூபாய்

அந்த ஆட்டத்தின் நிஜப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. அப்படிச் சொன்னால் நம்மூரில் பலர் விழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்று சொல்லிப் பாருங்கள். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு உடனே பிடிபடும். மஞ்சள் தொப்பி போட்டவன், ஓடிவந்து எகிறி உதைப்பவன், மூன்றாவது ஸ்டேஜில் வரும் கார் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆட்டத்தில் நாயகர்கள் நான்கு பேர். ஜாக் டென்ரெக், ஹன்னா டண்டி, முஸ்தபா கைரோ, மெஸ் ஓபிராடோவிச். கதைப்படி ஜாக்தான் தலைவன். முஸ்தபா அவனுடைய கூட்டாளி, எஞ்சினியர். தயாரித்தவர்கள் ஜாக்கை முன்னிறுத்தினார்கள். நம் பையன்கள் முஸ்தபாவைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிது. நால்வரில் வேகமானவன் அவன்தான். ஹன்னா லாவகமானவள், மெஸ் முரட்டு பலசாலி, ஜாக் எல்லாவற்றிலும் நடுத்தரம். பையில் ஒரே ஒரு ரூபாய் வைத்திருப்பவனுக்கு அடி வாங்காமல் ஓடித் தப்பிக்கும் ஆள்தான் வேண்டும். பெயரும் வாய்க்கு வந்தது. 'காதல் தேசம்' 1996-இல் வந்து, முஸ்தபா என்ற பெயர் ஏ.ஆர். ரஹ்மான் பாட்டால் கல்லூரி வாசல்களில் ஒலித்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். இந்தியா முழுவதும் இந்த ஆட்டத்துக்கு முஸ்தபா என்றே பெயர் இருப்பதால் பாட்டுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் இன்னும் ஆழமாக ஒட்டிக்கொள்ள அது உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

எங்கள் அவலூர்பேட்டை விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூர் வட்டத்தில் இருக்கிற சந்தை ஊர். ஒரு பக்கம் செஞ்சி, இன்னொரு பக்கம் திருவண்ணாமலை. சித்தகிரி முருகனுக்குப் பங்குனி உத்திரம் வந்தாலோ, மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை வந்தாலோ கூட்டத்துக்குக் குறைவிருக்காது. திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் துப்பாக்கியும், செங்கல் அடுக்கும் கையடக்க வீடியோ கேமும் தொங்கும். ஆனால் காசு போட்டு ஆடும் பெரிய மெஷினைப் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்கெல்லாம் பஸ் ஏற வேண்டும். துணி எடுக்கவோ படம் பார்க்கவோ டவுனுக்குப் போகிற நாளில், அப்பாவின் கையை உதறிவிட்டு நாங்கள் ஓடிய இடம் அந்த மெஷின் இருந்த கடை.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஷட்டர் அறை, ஒரு டியூப் லைட், பிளைவுட் பெட்டிக்குள் இரண்டோ மூன்றோ டி.வி. கண்ணாடி முழுக்க விரல் ரேகை. ஜாய்ஸ்டிக்கின் உருண்டைக் கைப்பிடி கழன்று, வெறும் கம்பியைப் பிடித்து ஆட்டியவர்களும் உண்டு. பள்ளிக்கூட நேரத்தில் சீருடையோடு வந்தால் சில ஓனர்கள் விரட்டிவிடுவார்கள். சிலர் புத்தகப் பையை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுக் காசை வாங்கிக்கொள்வார்கள். ஆடுகிறவன் ஒருவன் என்றால் அவன் தோளுக்குப் பின்னால் யோசனை சொல்ல நான்கு பேர். "டேய், கறி கெடக்குது பாரு, எட்றா!" என்று ஒரு குரல். "அத இப்ப எடுக்காதடா, அடி வாங்கின பொறவு எடு" என்று இன்னொரு குரல். உயிர்க்கோடு நிறைந்திருக்கும்போது சாப்பாட்டை எடுப்பது வீண் என்பது பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குத்தான் முதலில் தெரியும். கையில் காசில்லாதவனே நல்ல ஆலோசகன்.

இனி ஆட்டம் பிறந்த கதை. அமெரிக்க ஓவியர் மார்க் ஷுல்ட்ஸ் 1987-இல் 'ஸீனோஸோயிக் டேல்ஸ்' என்ற காமிக்ஸ் தொடரைத் தொடங்கினார். வெளியிட்டது கிச்சன் சிங்க் பிரஸ். இயற்கைச் சீரழிவுக்கு அஞ்சி மனிதர்கள் பூமிக்கு அடியில் ஒளிந்து, சில நூற்றாண்டுகள் கழித்து மேலே வந்து பார்த்தால், டைனோசர்கள் மறுபடி உலாவுகின்றன. 26-ஆம் நூற்றாண்டு. ஜாக் டென்ரெக் ஒரு மெக்கானிக். பழைய காடிலாக் கார்களைத் தோண்டி எடுத்துச் சரிசெய்து, பெட்ரோலுக்குப் பதிலாக டைனோசர் எச்சத்திலிருந்து எடுத்த எரிபொருளில் ஓட்டுகிறான். கறுப்பு வெள்ளையில், நுணுக்கமான தூரிகை வேலையோடு வந்த அந்தக் காமிக்ஸ் 14 இதழ்களோடு 1996-இல் நின்றுபோனது.

'ஜுராசிக் பார்க்' வந்த 1993-இல் உலகம் முழுக்க டைனோசர் மோகம். அதே ஆண்டு அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்ற பெயரில் கார்ட்டூன் தொடர் வந்தது. கனடாவின் நெல்வானா நிறுவனம் எடுத்த அது 13 அத்தியாயத்தோடு முடிந்தது. ஜப்பானின் கேப்காம் அதே 1993-இல் ஆட்டத்தை இறக்கியது. காமிக்ஸ் நின்றது, கார்ட்டூன் மறந்தது. ஜப்பான்காரன் செய்த மெஷின் மட்டும் செஞ்சிப் பக்கத்துப் பையன் வரை வந்து சேர்ந்தது.

கேப்காமுக்கு இந்த வகை ஆட்டம் புதிதல்ல. தெருவில் நடந்துபோய், எதிரில் வருகிறவர்களையெல்லாம் அடித்துத் துவைக்கும் ஆட்டங்களில் டெக்னோஸ் நிறுவனத்தின் 'டபுள் டிராகன்' 1987-இல் பெரும் பெயர் எடுத்தது. கேப்காம் 1989-இல் 'ஃபைனல் ஃபைட்' கொண்டுவந்தது. அது ஓடிய சிபிஎஸ்-1 என்ற சர்க்யூட் போர்டின் மேம்பட்ட வடிவத்தில்தான் முஸ்தபாவும் ஓடியது. மோட்டரோலா 68000 பிராசஸர், கியூசவுண்ட் என்ற ஸ்டீரியோ ஒலி முறை. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக், அடிக்க ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்பவர்கள் எல்லாம் சிதறுவார்கள். ஆனால் நம் உயிரிலும் கொஞ்சம் குறையும். இந்தக் கணக்கு எட்டு வயதுப் பையனுக்கும் புரிந்தது.

ஆட்டத்தின் அழகு சின்னச் சின்ன இடங்களில் இருக்கிறது. துப்பாக்கியில் குண்டு தீர்ந்துவிட்டால் துப்பாக்கியையே எடுத்து வீசலாம். டைனோசர்கள் எதிரிகள் அல்ல. கோபம் ஏறினால் மட்டும் யார் எவர் என்று பாராமல் கடிக்கும். விலங்கைக் கொன்று வியாபாரம் செய்கிற கும்பல்தான் வில்லன். 1993-இல் ரத்தமும் சதையுமாக விற்ற ஆட்டங்களுக்கு நடுவே இப்படி ஓர் எண்ணம் உள்ளே ஒளிந்திருந்தது ஆச்சரியம்தான். நாங்கள் அதைக் கவனித்தோமா என்றால் இல்லை. எங்கள் கவனமெல்லாம் இரண்டாவது ஸ்டேஜ் முடிவில் கத்தியோடு வரும் புட்சர் மீது. அவனைத் தாண்டிவிட்டால் மூன்றாவது ஸ்டேஜில் காரில் ஏறி, பைக் ரௌடிகளை இடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம். அந்தக் காரை ஓட்டுவதற்காகவே காசு சேர்த்தவர்கள் உண்டு. மொத்தம் எட்டு ஸ்டேஜ். கடைசியில் டாக்டர் ஃபெஸ்ஸன்டென் என்ற விஞ்ஞானி அரக்கனாக மாறி நிற்பான். அவனை நேரில் பார்த்தவர்கள் எங்கள் கூட்டத்தில் குறைவு. பார்த்ததாகச் சொன்னவர்கள் நிறைய.

காசு மெஷினின் மூளை அதன் கல்லாவில் இருக்கிறது. ஒரு காசுக்கு எவ்வளவு நேரம் ஆட விடுவது என்பதே வடிவமைப்பாளரின் முதல் கேள்வி. சுலபமாக இருந்தால் ஒருவனே மெஷினைப் பிடித்துக்கொள்வான். கஷ்டமாக இருந்தால் மறுபடி வரமாட்டான். அதனால்தான் செத்ததும் திரையில் 'கன்டின்யூ' என்று எழுதி, ஒன்பதிலிருந்து கீழ்நோக்கி எண்ணுவார்கள். அந்தச் சில நொடிகளில் கால்சட்டைப் பையைத் துழாவுகிற கையின் பதற்றமே வியாபாரம். ஸ்டேஜின் பெரிய எதிரியான பாஸ் வரும் இடங்களில் ஆட்டம் திடீரென்று கடினமாவதற்கும் இதுவே காரணம். போதாததற்கு, எவ்வளவு கடினம், ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை காசு என்பதையெல்லாம் ஓனரே டெஸ்ட் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு கடையில் நாலாவது ஸ்டேஜ் வரை போனவன் அடுத்த கடையில் முதல் ஸ்டேஜிலேயே திணறியதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கணக்கை நம் பையன்கள் திருப்பிப் போட்டார்கள். முழு ஆட்டத்தையும் முடிக்க முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே காசில் அதை முடிக்கப் பழகியவன் ஓனருக்கு எதிரி, கடைக்கு நாயகன். எந்த டிரம்முக்குள் என்ன சாப்பாடு, எந்த மூலையில் நின்றால் ஆள் வரமாட்டான், பாஸை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் வாய்மொழியாகவே பரவியது. புத்தகம் இல்லை, இன்டர்நெட் இல்லை. கட்டைவிரல் காய்த்துப்போன ஓர் அண்ணன் இருந்தால் போதும்.

காசு போடும் துவாரத்துக்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானில் இது 100 யென் நாணயத்துக்கானது, 22.6 மில்லிமீட்டர் விட்டம். 1992-இல் வந்த நம் எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். எடையில் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றாலும் துவாரத்தில் நம் ரூபாய் நுழையாது. காசு விழுந்து உள்ளேயிருக்கும் மைக்ரோ ஸ்விட்சின் மெல்லிய கம்பியை ஒரு நொடி அழுத்துகிறது, சுற்று மூடுகிறது, கிரெடிட் ஏறுகிறது. இவ்வளவுதான் விஷயம் என்பதால், துவாரத்தை ஓரம்கட்டிவிட்டு, காசைக் கையில் வாங்கிக்கொண்டு தானே ஸ்விட்ச் போட்டுவிடும் ஓனர்களும் இருந்தார்கள். டோக்கன் கொடுத்தவர்களும் உண்டு. கேஸ் அடுப்பு லைட்டரின் பொறியைக் காசுக் கதவில் அடித்து இலவச கிரெடிட் ஏற்றும் தில்லுமுல்லு உலகம் முழுக்க நடந்திருக்கிறது. வீட்டு லைட்டர் காணாமல் போனால் அம்மாக்கள் விசாரிக்க வேண்டிய இடம் இந்தக் கடை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ஓடியவற்றில் எத்தனை போர்டு அசல் என்று கேட்டால், வாங்கியவர்களே சிரிப்பார்கள். 'ஜம்மா' என்ற பொதுவான 56 முள் இணைப்பு 1980-களின் நடுவில் வந்த பிறகு, ஒரு பெட்டியில் எந்த ஆட்டத்தையும் சொருகலாம் என்றானது. போர்டைக் கழற்று, வேறு போர்டு மாட்டு. கள்ளப் போர்டு தயாரிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. முஸ்தபாவின் அசல் போர்டில் ஒலிப் பகுதியைப் பூட்டி வைத்து, அந்தப் பூட்டின் சாவியை ஒரு பாட்டரியின் தயவில் வைத்திருந்தது கேப்காம். பாட்டரி செத்தால் சாவி அழியும், போர்டு முடம். கள்ளப் பிரதி செய்தவர்கள் இந்தப் பூட்டையே தூக்கி எறிந்துவிட்டு, விலை மலிந்த ஒலிச் சில்லைப் போட்டார்கள். சத்தம் கொஞ்சம் மட்டம்தான். ஆனால் பாட்டரி தீர்ந்து சாகிற கவலை இல்லை. திருட்டுப் பிரதிக்கு ஆயுள் கெட்டியாக இருந்தது என்பது சங்கடமான உண்மை. அசலோ கள்ளமோ, மூவர் சேர்ந்து ஆட மூன்றாவது ஆளுக்குத் தனி வயரிங் வேண்டும். பல கடைகளில் அந்தச் செலவைச் செய்யாமல் இருவரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கடைகள் எப்போது மூடின என்று ஒரு தேதி சொல்ல முடியாது. இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997-இல் 'மேம்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய காசு மெஷின்களைச் சாதாரண கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் வித்தை அது. பிறகு 'வின்கவாக்ஸ்' போன்றவை வந்தன. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில், கல்லூரி லேபில், அக்கா படிக்க வாங்கிய வீட்டு கம்ப்யூட்டரில் எல்லாம் 'டினோ' என்ற சின்னக் கோப்பு குடியேறியது. கிரெடிட் ஏற ஒரு கீயைத் தட்டினால் போதும். எத்தனை உயிர் வேண்டுமானாலும். சுவை போய்விட்டது என்பேன் நான். காசு போகாத ஆட்டத்தில் புட்சரைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? இன்று அவலூர்பேட்டையில் எந்தப் பையனின் போனிலும் 'முஸ்தபா' என்று தேடினால் ஆட்டம் கிடைக்கிறது. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

போனில் கிடைப்பவற்றில் முறையான பதிப்பு ஒன்றுகூட இல்லை. கேப்காம் இந்த ஆட்டத்தை வீட்டு கன்சோல் எதற்கும் விற்றதே இல்லை. 1994-இல் செகா சிடிக்கு இதே கதையில் வந்தது வேறு நிறுவனத்தின் வேறு ஆட்டம். 2018-இல் கேப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து வெளியிட்டபோதும் முஸ்தபா அதில் இல்லை. கதை ஷுல்ட்ஸுடையது, காரின் பெயர் ஜெனரல் மோட்டார்ஸுடையது, ஆட்டம் கேப்காமுடையது. பல கைகளின் சம்மதம் வேண்டிய பண்டத்தை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவருவது லேசான காரியமல்ல. ஆனால் முடியாததும் அல்ல: இதேபோல மார்வெல் உரிமையில் சிக்கிக் கிடந்த 'தி பனிஷர்' ஆட்டத்தை 2024-இல் கேப்காம் தொகுப்பில் சேர்த்துக்காட்டியது.

எங்கள் பக்கத்துச் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கல்லுக்குக் காவல் வந்தாயிற்று. பிளைவுட் பெட்டிக்கு யார் வருவார்கள்? ஆகவே அந்தக் கடைகளை நடத்திய அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் பழைய போர்டு எதுவும் கிடந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்; சில்லுகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்காதீர்கள். கள்ளப் போர்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கள்ளப் பிரதியையும் தனித்தனியாகப் பதிவு செய்து பாதுகாக்கும் ஆர்வலர்கள் மேம் குழுவில் இருக்கிறார்கள். எந்த ஆண்டு வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்பதையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.