திரை மாறினால் திகைக்க வேண்டாம்

கடந்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, கிளை திறந்த சிறிது நேரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். பல ஆண்டுகளாக எங்கள் கிளையில் ஓய்வூதியக் கணக்கு வைத்திருப்பவர். காசோலையில் கையொப்பமிடுவதற்கு முன் எழுத்தால் எழுதிய தொகையையும் எண்ணால் எழுதிய தொகையையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பவர். அவருடைய கணக்கிலிருந்து முதல் நாள் இரவு 38,000 ரூபாய் போயிருந்தது.

அவர் நாள்தோறும் பார்க்கும் சமூக வலைத்தளத்தின் தோற்றம் சனிக்கிழமையன்று திடீரென மாறிவிட்டது. மேலே இருந்த பொத்தான்கள் கீழே சென்றுவிட்டன. பழைய மாணவர்கள் கூடும் குழு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மறுநாள் இரவு கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: "உங்கள் கணக்கைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் 24 மணி நேரத்தில் அது முடக்கப்படும்." அதிலிருந்த இணைப்பைத் தொட்டார். திறந்த பக்கம் கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தார். சரிபார்ப்புக் கட்டணம் 10 ரூபாய் என்றது. அட்டை விவரங்களையும், பிறகு வந்த ஓ.டி.பி. எண்ணையும் கொடுத்தார்.

"செய்தி மட்டும் வந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் சார். ஆனால் திரை உண்மையிலேயே மாறியிருந்ததே!" என்றார்.

அந்தச் சொற்களே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. உண்மையான மாற்றம் ஒன்று, பொய்யான செய்திக்குச் சாட்சியாகிவிட்டது. சமூக வலைத்தளங்களின் தோற்றமும் வசதிகளும் இனியும் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே எந்த மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைச் சரிபார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்று பிரித்தறிவது நம் சேமிப்பைக் காக்கும் வழிகளுள் ஒன்றாகிவிட்டது.

ஏன் மாற்றுகிறார்கள்?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வருவாயில் மிகப் பெரும்பகுதி விளம்பரங்களிலிருந்து வருகிறது. நாம் திரையில் செலவிடும் நேரமே அதன் விற்பனைச் சரக்கு. மளிகைக் கடைக்காரர் எதை அதிகம் விற்க விரும்புகிறாரோ அதைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைப்பார் அல்லவா? இங்கும் அதே கணக்குதான். 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடைசெய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம், ரீல்ஸ் என்னும் குறுங்காணொளி வசதியை இந்தியாவில் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில், அதுவரை பதிவிடும் பொத்தான் இருந்த கீழ்வரிசையின் நடுவிடத்தில் ரீல்ஸ் பொத்தான் வந்து அமர்ந்தது.

மேலும், மாற்றங்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் ஒரு பகுதியினருக்கு மட்டும் காட்டி, அவர்கள் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்று நிறுவனங்கள் சோதிக்கின்றன. எனவேதான் ஒரே வீட்டில் இரண்டு கைப்பேசிகளில் ஒரே செயலி இரண்டு விதமாகத் தோன்றுகிறது. வெளியூரிலிருக்கும் மகன் "கீழே இருக்கிறது பாருங்கள் அப்பா" என்று சொல்லும் பொத்தான் உங்கள் திரையில் இல்லையென்றால், அது உங்கள் பிழையன்று.

முதல் வகை: இடம் மாறுதல்

வங்கிகளில் பேரேடுகள் போய்க் கணினிவழி மையக் கணக்குமுறை வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். கணக்கு எண்கள் நீண்டன. சேமிப்புப் புத்தகத்தில் பத்திகளின் வரிசை மாறியது. "என் வட்டி எங்கே?" என்று கேட்டுப் பலர் வந்தனர். வட்டி அதே புத்தகத்தில் வேறொரு வரியில் இருந்தது. சமூக வலைத்தளங்களில் நேரும் மாற்றங்களில் பெரும்பாலானவை இத்தகையவையே. நிறம், எழுத்தளவு, பொத்தானின் இடம் ஆகியவை மாறினாலும் உங்கள் படங்களும் நண்பர்களும் அப்படியே இருப்பார்கள்.

இதற்கு மருந்து பொறுமைதான். ஒரு வாரம் பழகினால் கை தானாக வழி கண்டுகொள்ளும். பிடிக்காவிட்டால் செயலிக்குள் உள்ள கருத்துத் தெரிவிக்கும் பகுதியில் எழுதுங்கள். அது எப்போதும் வீண்போவதில்லை. 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப், பெயருக்குக் கீழே எழுதிவைக்கும் ஒருவரி வாசகத்தை நீக்கிவிட்டு, 24 மணி நேரத்தில் மறையும் படங்களைக் கொண்டுவந்தது. பயனாளர்கள் குறைகூறவே, சில வாரங்களில் அந்த வாசகம் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் இன்ஸ்டாகிராம் சோதித்துப் பார்த்த முழுத்திரைத் தோற்றமும் எதிர்ப்பினால் பின்வாங்கப்பட்டது.

இரண்டாம் வகை: அனுமதி மாறுதல்

இங்கே கவனம் தேவை. பொத்தானோடு சேர்ந்து, உங்கள் தகவலை யார் பார்க்கலாம் என்பதும் மாறக்கூடும். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக், நண்பர்களின் நடவடிக்கைகளையெல்லாம் தொகுத்து முகப்பில் வரிசையாகக் காட்டும் முறையைத் தொடங்கியது. அத்தகவல்கள் முன்பும் அவரவர் பக்கத்தில் இருந்தவைதான். ஆனால் தேடிச் சென்று பார்க்க வேண்டியிருந்த ஒன்று, தானாகவே எல்லார் கண்ணிலும் பட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் அம்முறையைக் கைவிடவில்லை. சில நாள்களில் கட்டுப்பாட்டு வசதிகளைச் சேர்த்தது.

2009 டிசம்பரில் நடந்தது இதனினும் கடுமையானது. அப்போது செய்த மாற்றத்தால், சிலர் மறைத்து வைத்திருந்த நண்பர் பட்டியல் போன்ற விவரங்கள் பொதுவில் தெரியலாயின. இதையும் வேறு சிலவற்றையும் குறித்து அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றஞ்சாட்டியது. 2011 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பயனாளரின் தனியுரிமைத் தேர்வுகளை மீறும் மாற்றங்களுக்கு அவருடைய வெளிப்படையான சம்மதத்தைப் பெற வேண்டும் என்று நிறுவனம் கட்டுப்படுத்தப்பட்டது.

வங்கியாளருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பிறந்த தேதி, கைப்பேசி எண், உறவினர் பெயர்கள் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டுதான் மோசடிக்காரர் "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்று தொடங்குகிறார். அவர் உங்களைப் பற்றிச் சரியாகச் சொல்லும் ஒவ்வொரு விவரமும் உங்கள் நம்பிக்கையை ஒரு படி உயர்த்துகிறது.

மூன்றாம் வகை: பொருள் மாறுதல்

திரையில் எதுவும் மாறாமல், ஓர் அடையாளத்தின் பொருள் மட்டும் மாறுவது மூன்றாம் வகை. ட்விட்டரில் பெயருக்கு அருகே காணப்படும் நீலக்குறி, அக்கணக்கு உரியவருடையதே என்று நிறுவனம் சரிபார்த்ததைக் குறித்துவந்தது. 2022 நவம்பரில் மாதம் 8 டாலர் செலுத்துவோருக்கும் அக்குறி கிடைத்தது. சில நாள்களுக்குள், எலி லில்லி என்னும் அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில் நீலக்குறியுடன் தோன்றிய போலிக் கணக்கு ஒன்று, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தது. உண்மையான நிறுவனம் அதை மறுத்து மன்னிப்புக் கோர நேர்ந்தது.

ஆகவே, வங்கியின் பெயரும் சின்னமும் ஏதோ ஒரு குறியும் இருப்பதாலேயே ஒரு பக்கத்தை வங்கியின் பக்கம் என்று கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைச் சமூக வலைத்தளத்தில் தேட வேண்டாம். அது உங்கள் அட்டையின் பின்புறத்திலும், வங்கியின் அதிகாரபூர்வ இணையதளத்திலும் இருக்கிறது.

பத்து நிமிடச் சரிகட்டல்

வணிகவியல் படித்தவர்களுக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் நினைவிருக்கும். நம் ஏட்டையும் வங்கியின் ஏட்டையும் அருகருகே வைத்து வேறுபாட்டைக் கண்டறிவதே அது. திரை மாறும்போதெல்லாம் அதே முறையில் கீழ்க்காண்பவற்றைச் சரிபாருங்கள்.

1. புதிய தோற்றம் தானாகவே வரும். அதற்காக நீங்கள் இணைப்பைத் தொடவோ, கட்டணம் செலுத்தவோ, ஓ.டி.பி. சொல்லவோ வேண்டியதில்லை. ஐயம் எழுந்தால், வந்த செய்தியை விட்டுவிட்டு நீங்களே செயலியைத் திறந்து பாருங்கள்.

2. செட்டிங்ஸ் பகுதியில் தனியுரிமைப் பக்கத்தைத் திறந்து, பதிவுகள், நண்பர் பட்டியல், பிறந்த தேதி, கைப்பேசி எண் ஆகியவற்றை யார் பார்க்கலாம் என்று பாருங்கள். பழைய பொதுப்பதிவுகளை ஒரே தடவையில் 'நண்பர்களுக்கு மட்டும்' என்று சுருக்கும் வசதி ஃபேஸ்புக்கில் உண்டு.

3. வாட்ஸ்அப் குழுக்களில் உங்களை யார் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று வரையறுங்கள். முன்பின் அறியாத முதலீட்டுக் குழுக்களில் சிக்காமலிருக்க இது உதவும்.

4. இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதற்கு வைக்கும் எண், உங்கள் யு.பி.ஐ. ரகசிய எண்ணாக இருக்க வேண்டாம்.

5. உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்னும் பட்டியலைப் பார்த்து, அறியாதவற்றை வெளியேற்றுங்கள்.

6. புதிய வசதியால் பிறர் எதைக் காண முடியும் என்று அறிந்த பிறகே அதைப் பயன்படுத்துங்கள். 2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் திரையைப் பகிரும் வசதி வந்தது. பேரனிடம் வழி கேட்க அது நல்ல துணை. அறியாதவர் கேட்டுப் பகிர்ந்தால், உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளையும் அவர் படிக்க இயலும்.

பணம் போய்விட்டால்

தலைமையாசிரியர் ஞாயிறு இரவு முழுவதும் தூங்காமல், வங்கி திறப்பதற்காகக் காத்திருந்தார். அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை. வங்கியின் 24 மணி நேர எண்ணில் அட்டையையோ கணக்கையோ உடனே முடக்கலாம். தேசிய இணையக் குற்ற உதவி எண் 1930, இணையத்தில் சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் புகார் சென்றால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் பிழையோ வாடிக்கையாளரின் பிழையோ இன்றி மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றது. ரகசிய விவரங்களைத் தாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சார்ந்தது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சார்ந்தது. எந்நிலையிலும் விரைவே பாதுகாப்பு.

தலைமையாசிரியருக்கு அத்தொகையில் ஒரு பகுதி மட்டுமே திரும்பக் கிடைத்தது. பணத்தைவிட அவரை வருத்தியது வேறொன்று. கைப்பற்றப்பட்ட அவருடைய கணக்கிலிருந்து பழைய மாணவர்கள் பலருக்கு, "அவசரமாகப் பணம் தேவை" என்று செய்தி போயிருந்தது. இருவர் அனுப்பியும் விட்டனர். இப்போது அவர் மாணவர்களுக்கு ஒரு விதி வகுத்திருக்கிறார்: "என் பெயரில் யார் பணம் கேட்டாலும் முதலில் எனக்குத் தொலைபேசியில் பேசுங்கள், என் குரலைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்."

உங்கள் குடும்பத்திலும் இத்தகைய விதியொன்றை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரை மாறிய குழப்பத்தில் பணம் பற்றிய செய்தி எதுவும் வந்தால், தொடுவதற்கு முன் உங்கள் கிளையை அணுகுங்கள். அதைப் பார்த்துச் சொல்ல எங்களுக்குச் சில நிமிடங்களே ஆகும்.