இந்திய – இலங்கை மீனவர் பேச்சுவார்த்தைகள்

இந்திய – இலங்கை மீனவர் பேச்சுவார்த்தைகள் என்பவை, பாக்கு விரிகுடாவிலும் அதனை அடுத்த கடற்பகுதிகளிலும் மீன்பிடிக்கும் தமிழக மீனவர்களும் வட இலங்கை மீனவர்களும் தம் பேராளர்கள் வழியாக நேருக்கு நேர் நடத்திய கலந்துரையாடல்கள் ஆகும். 2004 ஆம் ஆண்டு மே மாதம் தமிழக மீனவர் குழு ஒன்று இலங்கைக்கு மேற்கொண்ட நல்லெண்ணப் பயணம் இவற்றுள் முதன்மையானதாகக் கொள்ளப்படுகிறது. தொடக்கத்தில் மீனவர் சங்கங்களும் தொண்டு அமைப்புகளுமே இவற்றை நடத்தின. 2014 ஆம் ஆண்டு முதல் இரு நாட்டு அரசு அலுவலர்களின் முன்னிலையில் இவை நடைபெற்றன. கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பாக்கு விரிகுடாவில் பெரும்பாலும் தொழில் செய்வதில்லை. எனினும் அவர்கள் உறுப்பினராக உள்ள தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இம்முயற்சியில் முக்கிய பங்காற்றியது.

பின்னணி

தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இரு கரைகளிலும் தமிழ் பேசும் மீனவர்கள் வாழ்கின்றனர். திருமண உறவுகளும் கோயில் திருவிழாக்களும் இவர்களை நெடுங்காலமாக இணைத்து வந்துள்ளன. கச்சத்தீவு அந்தோனியார் கோயில் திருவிழா இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1974 சூன் மாதம் கையெழுத்தான உடன்படிக்கை பாக்கு விரிகுடாவில் கடல் எல்லையை வரையறுத்தது; இதன்படி 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கைப் பக்கம் அமைந்தது. 1976 மார்ச் மாத உடன்படிக்கை எல்லையை மன்னார் வளைகுடாவிற்கும் வங்காள விரிகுடாவிற்கும் நீட்டியது. அதனையொட்டிப் பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டு நீரில் மீன்பிடிக்கலாகாது என்று கூறின.

1976 ஆம் ஆண்டுக் கடிதங்களில் குமரி மாவட்டத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு; கச்சத்தீவு பற்றிய விவாதங்களில் இது அரிதாகவே பேசப்படுகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்னும் மீன்வளம் மிக்க கடல்திட்டு இந்தியாவின் பொருளாதார மண்டலத்தைச் சேர்ந்தது என இலங்கை ஏற்றுக்கொண்டது. அதுவரை அங்கு மீன்பிடித்து வந்த இலங்கைக் கப்பல்களுக்கு மூன்று ஆண்டுக்காலம் மட்டும் அனுமதி தரப்பட்டது. ஆறு கப்பல்களுக்கு மேல் வரக்கூடாது, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் மீன் பிடிக்கக்கூடாது என்பன அதற்கான வரம்புகள். மரபுவழியாகப் பயன்படுத்திய நீரிலிருந்து ஒரு தரப்பு படிப்படியாக விலகுவதற்குக் கால அவகாசம் தருவது என்ற ஏற்பாட்டிற்கு இது ஒரு முன்னுதாரணம். 2010 க்குப் பின் பாக்கு விரிகுடா தொடர்பாகத் தமிழக மீனவர்கள் வைத்த கோரிக்கையும் ஏறக்குறைய இதே வடிவத்தையே கொண்டிருந்தது.

முரண்பாட்டின் தன்மை

இச்சிக்கல் பொதுவாக எல்லை தாண்டுதல் என்ற அளவில் விளக்கப்படுகிறது. மீனவர்களிடையே நடந்த பேச்சுகளில் மையமாக இருந்ததோ எல்லையைக் காட்டிலும் மீன்பிடி முறையே ஆகும். தமிழக விசைப்படகுகள் பயன்படுத்தும் இழுவைமடி கடலின் அடித்தரையை அரித்துச் செல்வது. அது இறால்களுடன் மீன்குஞ்சுகளையும் கடல் தாவரங்களையும் வாரி எடுக்கிறது. யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மீனவர்களில் பெரும்பாலோர் சிறு கண்ணாடியிழைப் படகுகளில் சென்று இரவில் செவுள் வலைகளை விரிப்பவர்கள். இழுவைப் படகு ஒன்று அவ்வழியே சென்றால் ஒரு குடும்பத்தின் வலை முழுவதும் ஒரே இரவில் அறுந்து போகும். தமிழக இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று நாள்கள் கடலுக்குச் செல்வது வழக்கம். அந்நாள்களில் வட இலங்கை மீனவர் பலர் கடலுக்குச் செல்வதைத் தவிர்த்துவந்தனர்.

தமிழகத் தரப்பிற்கும் தன் நியாயம் உண்டு. 1983 இல் இலங்கையில் உள்நாட்டுப் போர் தொடங்கியபின் வடக்கு மீனவர்களுக்குக் கடல் நெடுங்காலம் பெருமளவில் தடை செய்யப்பட்டிருந்தது. அதே காலத்தில் தமிழகத்தில் இழுவைப் படகுகள் பெருகின. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள பகுதியை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கியது. இராமேசுவரம் போன்ற இடங்களில் இந்த மூன்று மைல்களுக்கும் எல்லைக்கோட்டிற்கும் இடையே எஞ்சும் நீர்ப்பரப்பு இத்தனை படகுகளுக்குப் போதாது. கடன் பெற்றுப் படகு கட்டியோர், நாள்கூலிக்கு அல்லது பங்கிற்கு வேலை செய்வோர் ஆகியோரின் வாழ்வு இதனைச் சார்ந்தது. எல்லை தாண்டியவர்கள் இலங்கைக் கடற்படையால் சுடப்பட்டும் தாக்கப்பட்டும் சிறைப்பட்டும் வந்தனர்.

2009 மே மாதம் போர் முடிந்து வடக்கு மீனவர்கள் மீண்டும் கடலுக்குத் திரும்பியபோதுதான் இரு தரப்பும் ஒரே நீரில் ஒரே நேரத்தில் எதிரெதிரே நின்றன.

தொடக்க முயற்சிகள்

1990 களின் பிற்பகுதியில், இரு நாட்டுச் சிறைகளிலும் இருந்த மீனவர்களை விடுவிப்பதற்காக ஒரு கூட்டணி அமைக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இது 'ஏ.ஆர்.ஐ.எப்.' என அறியப்பட்டது. இதன் ஒருங்கிணைப்பாளர் வி. விவேகானந்தன், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர். கிராமச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, தலைமைக் கூட்டமைப்பு என மூன்று அடுக்குகளைக் கொண்ட இவ்வமைப்பில் குமரி மாவட்டச் சங்கங்களும் அடங்கும். வள்ளமும் கட்டுமரமும் கொண்டு தொழில் செய்தோரின் அமைப்பு என்பதால், இழுவைமடியால் சிறுதொழில் மீனவருக்கு நேரும் இழப்பு இதற்குப் புதிதன்று. 1989 இல் தேசிய மீனவர் பேரவை நடத்திய கடற்கரைப் பயணம் மே 1 அன்று கன்னியாகுமரியில் நிறைவடைந்ததும், அங்கு காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதும் இப்பகுதியின் மீனவர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றவை.

2004 பயணத்தின்போது தமிழகப் பேராளர்கள் இலங்கை மீனவர்களைச் சந்தித்து அவர்களின் குறைகளை நேரில் கேட்டனர். இழுவைமடி இலங்கை நீரில் நிறுத்தப்பட வேண்டியதே எனக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்ட படகு உரிமையாளர்கள் அதற்குக் கால அவகாசம் கேட்டனர். அவ்வாண்டு திசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலையும், பின்னர் மீண்டும் மூண்ட போரும் தொடர்ச்சியை அறுத்தன.

2010 – 2011 பேச்சுகள்

2010 ஆகத்து மாதம் இலங்கை மீனவர் குழு தமிழகம் வந்தது. இப்பேச்சுகளில், இழுவைமடி ஓராண்டிற்குள் இலங்கை நீரிலிருந்து முற்றிலும் விலகுவது என்றும், அவ்விடைக்காலத்தில் 70 நாள்கள் மட்டும் தொழில் செய்வது என்றும் உடன்பாடு எட்டப்பட்டது. இதுவரை எட்டப்பட்ட உடன்பாடுகளுள் இதுவே தெளிவானது எனலாம். ஆனால் இரு அரசுகளும் இதற்கு ஏற்பு வழங்கவில்லை. கடலில் அதனைக் கண்காணிக்கும் அதிகாரம் மீனவர் சங்கங்களிடம் இல்லாமையால் உடன்பாடு தாளளவில் நின்றது.

2011 பெப்ரவரியில் வடமராட்சி, மாதகல் பகுதி மீனவர்கள் தமிழகப் படகுகளைத் தாமே சூழ்ந்து, 100 க்கும் மேற்பட்டோரைப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தனர். சிக்கல் கடற்படைக்கும் மீனவருக்கும் இடையிலானது மட்டுமே என்ற கருத்து இந்நிகழ்வால் தளர்ந்தது. அடுத்த மாதமே தமிழக மீனவர் குழு இலங்கை சென்று பேச்சைத் தொடர்ந்தது குறிப்பிடத்தக்கது.

அரசு முன்னிலையிலான பேச்சுகள்

2014 சனவரி 27 அன்று சென்னையிலும், மே 12 அன்று கொழும்பிலும், 2015 மார்ச் 24 அன்று மீண்டும் சென்னையிலும் பேச்சுகள் நடைபெற்றன. 2015 இல் தமிழகத் தரப்பு, மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 83 நாள்கள் கேட்டது. இலங்கைத் தரப்பு மறுத்துவிட்டது. 2010 இல் ஓராண்டு என்றிருந்த காலம் மூன்றாண்டாக நீண்டதையும், நாள்கள் கூடியதையும் நோக்கினால் மறுப்பின் காரணம் விளங்கும். 2016 நவம்பர் 2 அன்று புதுதில்லியில் மீனவர்கள் கூடினர்; மூன்று நாள்களுக்குப் பின் அமைச்சர்கள் கூடி, இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைத்தனர்.

இதன்பின் முடிவுகள் மீனவர் கைகளை விட்டுச் சட்டமன்றங்களுக்கும் துறைகளுக்கும் சென்றன. இலங்கை நாடாளுமன்றம் 2017 சூலையில் இழுவைமடியைத் தடை செய்தது. யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் முன்வரைவே இதற்கு அடிப்படை. அதே ஆண்டு இந்தியா, பாக்கு விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகுகள் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். பெரும்பகுதி மானியம் எனினும் உரிமையாளரின் பங்கும் வங்கிக் கடனும் சுமையாக இருந்தன. பல நாள் கடலில் தங்கிச் சூரை பிடிக்கும் தொழிலறிவு பாக்கு விரிகுடா மீனவர்களிடம் குறைவு என்பதும் திட்டம் மெதுவாக நகர்ந்ததற்கு ஒரு காரணம்.

2025 மார்ச் மாதம் வவுனியாவில் இரு தரப்பு மீனவர்களும் அரசுசாரா முறையில் மீண்டும் சந்தித்தனர்.

குமரி மீனவர்களும் பிற கடல்களும்

மேற்கூறிய ஆழ்கடல் தொழிலறிவை நிரம்பப் பெற்றவர்கள் குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, நீரோடி உள்ளிட்ட ஊர்களின் மீனவர்கள். தூண்டில் கொண்டு சுறா பிடிப்பதில் பெயர் பெற்ற இவர்கள் அரபிக்கடலில் நெடுந்தொலைவு செல்கின்றனர். இதனால் மாலத்தீவு, செசெல்சு, சாகோசுத் தீவுகளின் தியேகோ கார்சியா ஆகிய இடங்களில் பிடிபடுவதும் உண்டு. இங்கு பாக்கு விரிகுடா முறையிலான பேச்சுக்கு வாய்ப்பு குறைவு. மாலத்தீவு மீனவருடன் பொது மொழி இல்லை. சாகோசுத் தீவுவாசிகளோ 1968 – 1973 காலத்தில் பிரித்தானிய அரசால் வெளியேற்றப்பட்டுவிட்டனர். எனவே எதிர்த்தரப்பில் அமர்ந்து பேச உள்ளூர் மீனவரே இல்லை. மறுபுறம், இலங்கையின் பல நாள் படகுகள் இந்தியப் பொருளாதார மண்டலத்தில் சூரை பிடிக்க வந்து இந்தியக் கடலோரக் காவல்படையிடம் பிடிபடுகின்றன. இவற்றில் பணிபுரிவோரில் பலர் தென், மேற்கு இலங்கையின் சிங்கள மீனவர்கள்.

ஒப்புநோக்கு

இந்திய – பாக்கித்தான் மக்கள் உறவிற்காக 1994 இல் லாகூரில் கருக்கொண்ட அமைதிக்கும் சனநாயகத்திற்குமான மக்கள் மன்றம், 1995 பெப்ரவரியில் தில்லியில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. ஐ. ஏ. ரகுமான், முபசிர் அசன், நிர்மலா தேசுபாண்டே முதலியோர் இதனுடன் தொடர்புடையோர். குசராத்து, சிந்து மீனவர்களின் சிறைவாசமும் அதன் அக்கறைகளுள் ஒன்று. அங்கு அறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் மீனவர்களுக்காகப் பேசினர். பாக்கு விரிகுடாவில் முரண்பட்ட தொழிலாளரே மேசையின் இருபுறமும் அமர்ந்தனர். இந்திய – பாக்கித்தான் அரசுகள் 2008 உடன்படிக்கையின்படி சனவரி 1, சூலை 1 ஆகிய நாள்களில் சிறைப்பட்ட மீனவர் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன.