ஒரே குதிரை, ஆறு பிரதிகள்: அடோல்ஃபோ காம்பியாசோவின் கதை

இன்னிக்கு போலோ பத்திப் பேசப்போறோம். "அது பணக்காரங்க விளையாட்டாச்சே, நமக்கு எதுக்கு?"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஒரு விளையாட்டுக்குள்ள பணம் வந்தா அது எதுவரைக்கும் போகும்னு போலோ அளவுக்கு வெளிப்படையா காட்டுற விளையாட்டு குறைவு. அதைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு ஆளோட கதை போதும். அவர் ஆர்ஜென்டினாவின் அடோல்ஃபோ காம்பியாசோ.

2016 டிசம்பர். புவெனஸ் ஐரிஸ் நகரத்தின் பலெர்மோ மைதானத்தில் ஆர்ஜென்டினா ஓபன் இறுதிப் போட்டி. போலோ உலகத்தில் இதைவிடப் பெரிய கிளப் போட்டி கிடையாது. அன்னிக்கு காம்பியாசோ மாத்தி மாத்தி ஏறி ஆடின குதிரைகளில் ஆறு, குவார்டெடேரா என்ற ஒரே பெண் குதிரையோட குளோன்கள். அவர் அணிதான் கோப்பையை ஜெயிச்சது.

ஒரே குதிரையை ஏன் ஆறு தடவை உருவாக்கணும்? அதுக்கு முதல்ல ஆட்டத்தைப் புரிஞ்சுக்கணும்.

ஆட்டம் எப்படி?

அணிக்கு நாலு பேர். மைதானத்தின் நீளம் 300 கஜம். கால்பந்து மைதானங்களை வரிசையா வைச்சா ரெண்டரை மைதானம் வரும். ஆட்டம் ஏழு நிமிஷச் சுற்றுகளா பிரியும். ஒரு சுற்றுக்குப் பேர் 'சக்கர்', நம்ம சக்கரத்தோட உறவுக்காரச் சொல்தான். ஆர்ஜென்டினா ஓபனில் மொத்தம் எட்டு சக்கர்.

முழு வேகத்தில் ஓடணும், சட்டுனு நிக்கணும், நின்ன இடத்திலேயே திரும்பணும், பக்கத்துக் குதிரை வந்து இடிச்சா மிரளக் கூடாது. எந்தக் குதிரையும் இதை முழு ஆட்டத்துக்கும் தாங்காது. அதனால சக்கருக்கு ஒரு குதிரை, சில சமயம் சக்கருக்கு நடுவிலேயே இன்னொரு குதிரை. ஆக, ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு ஒரு நல்ல குதிரை பத்தாது. ஒரு லாயமே வேணும்.

ஓனரே களத்தில் இறங்கினா?

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு ரேட்டிங் உண்டு, அதுதான் ஹாண்டிகேப். மைனஸ் 2-இல் ஆரம்பிச்சு 10 வரைக்கும். 10 வாங்கினவங்க உலகத்திலேயே ரொம்பக் கொஞ்சம் பேர்.

இப்ப ஐபிஎல் அணியோட முதலாளி, "காசு நான் போடுறேன், அதனால ஓப்பனிங் நான்தான் இறங்குவேன்"னு சொன்னா எப்படி இருக்கும்? போலோவில் அது சாதாரணம். அந்த முதலாளிக்குப் பேர் பேட்ரன். இங்கிலாந்தின் கோல்ட் கப் மாதிரி போட்டிகளில் ஒரு அணியோட மொத்த ரேட்டிங்குக்கு உச்சவரம்பு உண்டு. அது 22-ன்னு வைச்சுக்கோங்க. பேட்ரனோட ரேட்டிங் 0 அல்லது 1 இருக்கும். மீதியை மத்த மூணு பேர் பங்கு போட்டுக்கணும். அதனால கையில் இருக்கிற காசில் சரியான ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிறதுதான் அங்க பெரிய வியாபாரம்.

அந்தச் சந்தைக்குள்ளதான் காம்பியாசோ சின்னப் பையனா நுழைஞ்சார். 1975-இல் பிறந்தவர், இங்கிலாந்தில் 17 வயசிலேயே 10 ரேட்டிங் வாங்கிட்டார். கெர்ரி பேக்கரோட எல்லர்ஸ்டன் அணிக்கும் ஆடினார். அந்தப் பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? 1977-இல் கலர் ஜெர்சிக்கும் ராத்திரி கிரிக்கெட்டுக்கும் வழி போட்ட வேர்ல்ட் சீரிஸ் கிரிக்கெட்டை ஆரம்பிச்ச அதே ஆஸ்திரேலிய மீடியா முதலாளிதான்.

ஆனா சம்பளத்துக்கு ஆடுற வரைக்கும் எவ்வளவு பெரிய ஸ்டாரும் இன்னொருத்தர் கணக்கில்தான் இருக்கணும். காம்பியாசோ 2000-இல் லா டோல்ஃபினா என்ற சொந்த அணியைத் தொடங்கினார். 2002-இல் அந்த அணி ஆர்ஜென்டினா ஓபனை ஜெயிச்சது. கூடவே குதிரை வளர்ப்பையும் பெரிய தொழிலா கட்டினார். ஆட்டக்காரர், அணி முதலாளி, குதிரை வளர்ப்பவர், மூணும் ஒரே ஆள்.

ரேஸ் மூடின கதவு

போலோ குதிரைகளோட ரத்தத்தில் பெரும்பங்கு ரேஸ் குதிரையான தரோபிரெட் இனத்திலிருந்து வருது. ரேஸில் வேகம் பத்தாம வெளியே வர்ற குதிரைகளைப் போலோவுக்குப் பழக்குறதும் உண்டு.

ஆனா இனப்பெருக்க விதியில் ரெண்டு உலகமும் நேரெதிர். தரோபிரெட் ரேஸில், அது மும்பையோ லண்டனோ, ஆண் குதிரையும் பெண் குதிரையும் நேரடியா சேர்ந்து பிறந்த குட்டியை மட்டும்தான் பதிவு செய்வாங்க. செயற்கைக் கருவூட்டல், வாடகைத் தாய், குளோன் எதுக்கும் அனுமதி இல்லை. இதில் வம்சத்தைக் காப்பாத்துற அக்கறை இருக்கு, வியாபாரமும் இருக்கு. ஃபிராங்கெல் என்ற குதிரையோட ஒரு குட்டி வேணும்னா 2024-இல் கட்டணம் 3,50,000 பவுண்டு. பிரதி எடுக்கலாம்னு சொன்ன மறுநாளே அந்த விலை நிக்காது.

போலோவில் களமிறங்க வம்சப் பதிவு கட்டாயம் இல்லை. குதிரை ஆடினா போதும். அந்தத் திறந்த கதவு வழியாத்தான் காம்பியாசோ போனார்.

2006 ஆர்ஜென்டினா ஓபன் இறுதிப் போட்டியில் அவரோட ஐகன் குரா என்ற ஆண் குதிரைக்குக் கால் போச்சு. கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. அதுக்கு முன்னாடி அதோட தோல் செல்களை எடுத்து உறைய வைக்கச் சொன்னார். உலகத்தின் முதல் குளோன் குதிரை 2003-லேயே இத்தாலியில் பிறந்திருந்ததால இது வெறும் கனவு இல்லை.

செய்முறை இதுதான்: ஒரு கருமுட்டையோட உட்கருவை எடுத்துட்டு, அந்த இடத்தில் பிரதி எடுக்க வேண்டிய குதிரையோட செல்லை வைச்சு, வளர்ற கருவை வாடகைத் தாய்க் குதிரைக்குள்ள வைப்பாங்க. பல முயற்சி தோத்த பிறகுதான் ஒரு குட்டி பிழைக்கும். 2010-இல் புவெனஸ் ஐரிஸில் குவார்டெடேராவின் குளோன் குட்டி ஒண்ணு 8,00,000 டாலருக்கு ஏலம் போச்சு. அப்ப அது ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை.

பிரதி யாருக்குச் சொந்தம்?

சிக்கலும் அங்கதான் ஆரம்பிக்குது. என் குதிரையை நான் உங்களுக்கு வித்தா, அது என்கிட்ட இருக்காது. பிரதியை வித்தா, எனக்கெதிரா என் குதிரையே ஓடி வரும். குளோன்களை யார் யாருக்கு விக்கலாம் என்ற தகராறு அமெரிக்க நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

குளோன் இருந்தா கோப்பை கேரண்டின்னு சொல்ல முடியாது. ஜீன் ஒண்ணா இருந்தாலும் வாடகைத் தாய், தீனி, பழக்கின கை எல்லாம் வேற. ஆனா மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் நிக்கிற ஒரு இருபது வயசுப் பையனை நினைச்சுப் பாருங்க. திறமையில் அவன் காம்பியாசோவை எட்டிடலாம். ஆறு குவார்டெடேராவை எப்படி எட்டுவான்?

என் கருத்து இதுதான்: பிரதி எடுக்கிறது ஜெயிச்சதைப் பத்திரப்படுத்தும், அதைத் தாண்டினதை உருவாக்காது. குவார்டெடேரா குளோன் இல்லை, அப்பா அம்மா கலந்து பிறந்த குதிரை. அவளை மிஞ்சுற குதிரை வரணும்னா, யாரோ ஒரு பண்ணைக்காரர் எந்தக் கேரண்டியும் இல்லாம ரெண்டு குதிரையைச் சேர்த்துப் பார்க்கணும். அந்த ஆளுக்கு இந்தச் சந்தையில் இடம் இருக்கான்னுதான் போலோ இப்ப கவலைப்படணும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? ரேஸ் மாதிரி போலோவும் கதவை மூடணுமா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.