பெயர் மாறிய கப்பல்களும் பெயராத துறையும்

மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், கடலின் அடியில், ஹேர்மிஸ் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் இன்றும் கிடக்கின்றது. விமானங்களைத் தாங்குதற்கென்றே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற முதற் கப்பல் அதுவென்பர். 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானியரின் விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த குண்டுவீச்சு விமானங்கள் அதனைத் தாக்கின. சிறு பொழுதில் 307 உயிர்களுடன் அது மூழ்கிற்று. அதற்கு நான்கு நாள் முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, அதே விமானங்கள் கொழும்பின்மீது பறந்திருந்தன. அஞ்சிய கொழும்பு மாந்தர் மூட்டை முடிச்சுகளோடு இரத்தினபுரிப் பக்கம் வந்த கதையை எங்கள் தோட்டத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஆதலின் விமானந்தாங்கிக் கப்பல் என்பது நமக்கு ஏட்டளவில் அறிந்த பொருளன்று.

ருஷ்ய நாட்டின் ஒரே விமானந்தாங்கி இனிக் கடலேறாது போலும் என்னும் செய்தியைப் பத்திரிகையிற் கண்ட மாணாக்கர் சிலர், “ஐயா, அவ்வளவு பெரிய நாட்டால் ஒரு கப்பலைப் பழுதுபார்க்க முடியாதா?” என்று வினவினர். நல்ல வினா. பண்டிதனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர் எவரேனும் நகைப்பின், பெயர்களைப் பற்றியேனும் சிறிது தெரியும் என்று விடை கூறுவேன். இக்கதை பெயர்களிலேதான் தொடங்குகின்றது.

கருங்கடலிலிருந்து வெளியே வரும் கப்பல்கள் துருக்கியரின் நீரிணைகளைக் கடந்தே ஆகவேண்டும். 1936இல் எழுதப்பெற்ற மொன்ட்ரூ உடன்படிக்கை, கருங்கடல் நாடுகளின் பெரிய போர்க்கப்பல்களுக்கு அவ்வழியை விட்டது, விமானந்தாங்கிகளுக்கு விடவில்லை. சோவியத் அரசோ தன் விமானந்தாங்கிகளைக் கருங்கடற் கரையிலேயே கட்டிற்று. என் செய்வது? அவற்றை விமானந்தாங்கி என்று அழையாது, ‘விமானமேந்திய கனரகக் குரூசர்’ என்று பெயரிட்டனர். அவற்றிற் பெரிய ஏவுகணைகளும் இருந்தமையால், இஃது இடுகுறியன்று, காரணப்பெயரே என்று வாதிடவும் இடமிருந்தது. நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்லத்தக்க எடுத்துக்காட்டு இது.

அக்கப்பல்கள் யாவும் பிறந்த இடம் நிக்கொலாயெவ். 1789இல் கப்பல் கட்டுதற்கென்றே நிறுவப்பெற்ற நகரம் அது. இன்று உக்ரேனியர் மிக்கொலாயிவ் என்பர். கீயெவ், மின்ஸ்க், நொவொறொஸிய்ஸ்க், பக்கு என நான்கு கப்பல்கள் அங்கே உருவாயின. அவற்றின் பின்னர், 1982இல் இன்னும் பெரியதொன்றுக்கு அடிக்கட்டை இடப்பட்டது. அதன் முதற்பெயர் றீகா. பின்பு லியொனீத் பிரெஷ்னெவ் ஆயிற்று. அத்தலைவரின் புகழ் மங்கவே திபிலீசி ஆயிற்று. 1990இல் அட்மிரல் குஸ்நெத்சோவ் ஆயிற்று. கடலில் முழுமையாக உழைக்கத் தொடங்குமுன்னரே நான்கு பெயர்! அரசியல் திரும்பும் திசையெல்லாம் கப்பலின் நெற்றியில் எழுத்து மாறிற்று. ஆனால் கட்டிய துறை ஒன்றே. கட்டிய கைகளும் அவையே.

1991இல் அந்தத் துறை வேற்றுநாட்டின் துறையாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் குஸ்நெத்சோவ் கருங்கடலை விட்டு வடகடலுக்கு விரைந்தது. தங்கியிருப்பின் உக்ரேன் உரிமை கோரும் என்னும் அச்சமே காரணம். ஒரே இரவில் நாடு மாறிப்போவது எத்தகையதென்று 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தைக் கண்ட தோட்டத் தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அங்கே மக்கள் தம் மண்ணிலேயே இருந்தனர். அவர்கள் செய்துகொண்டிருந்த வேலைதான் பொருளிழந்தது. அணுசக்தியால் இயங்கவிருந்த உல்யானொவ்ஸ்க் என்னும் கப்பல் பாதி வளர்ந்த நிலையில் 1992இல் வெட்டப்பட்டு இரும்பாயிற்று. குஸ்நெத்சோவின் தங்கையாகிய வர்யாக், கட்டி முடியாக் கூடாகத் துருப்பிடித்து நின்றது.

எஞ்சிய கப்பல்களின் கதி கேட்கத்தக்கது. கீயெவ் சீனத்தின் தியென்சின் நகருக்குச் சென்று காட்சிப்பொருளாயிற்று. வர்யாக்கை 1998இல் சீனத்தார் ஒருவரின் நிறுவனம் 2 கோடி டொலருக்கு வாங்கியது. மிதக்கும் சூதாட்ட விடுதி ஆக்குவோம் என்று சொல்லியே வாங்கினர், மீண்டும் பெயர்தான்! 2012இல் அது லியாவ்னிங் என்னும் பெயருடன் சீனக் கடற்படையின் முதல் விமானந்தாங்கியாய் வெளிவந்தது. அதைப் பார்த்துப் படித்த கைகள் 2019இல் ஷான்டொங் என்னும் இரண்டாவதைத் தாமே கட்டின. 2025இல் ஃபூஜியென் என்னும் மூன்றாவதும் படையிற் சேர்ந்தது.

பக்கு என்பது அட்மிரல் கொர்ஷ்கோவ் ஆகி, 2004ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு விற்கப்பட்டது. செப்பனிடும் செலவு 97 கோடியே 40 இலட்சம் டொலர் என்றும், 2008இல் ஒப்படைப்போம் என்றும் பேசினர். வடக்கே செவெரோத்வின்ஸ்க் நகரின் செவ்மாஷ் துறையில் வேலை தொடங்கிற்று. அத்துறையினர் நீர்மூழ்கி கட்டுவதிற் கைதேர்ந்தவர். விமானந்தாங்கி கட்டி அறியார். கப்பலைத் திறந்து பார்த்தபோதுதான் மாற்றவேண்டிய கம்பிகளும் குழாய்களும் எத்துணை என்பது புலனாயிற்று. செலவு 235 கோடி டொலராய் ஏறிற்று. 2012இல் வெள்ளோட்டத்திற் கொதிகலன்கள் பழுதுபட்டன. 2013 நவம்பர் 16ஆம் நாளே, ‘விக்கிரமாதித்யா’ என்னும் பெயரோடு அஃது இந்தியக் கடற்படையிற் சேர்ந்தது. காடாறு மாதம், நாடாறு மாதம் வாழ்ந்த மன்னனின் பெயரைக் கப்பலுக்கு இட்டவர், அது துறையிற் கிடக்கும் மாதங்களையும் எண்ணித்தான் இட்டனரோ என்று எனக்கோர் ஐயம்.

குஸ்நெத்சோவ் ஒன்றே ருஷ்யரிடம் எஞ்சியது. அது புறப்படும்போதெல்லாம் இழுவைக் கப்பல் ஒன்று துணைக்குச் செல்லும். நடுக்கடலிற் பொறி நின்றால் இழுத்துவர வேண்டுமல்லவா! 2016இல் கரும்புகை கக்கிக்கொண்டு சிரியாப் போருக்குச் சென்று, எதிரியின் குண்டு படாமலே இரு விமானங்களைக் கடலில் இழந்து திரும்பிற்று. 2018 ஒக்டோபரில், அதனை ஏந்தியிருந்த பி஡டி-50 என்னும் பெரிய மிதவைத்துறை, மின்சாரம் தடைப்பட்டமையால் அதன் கீழேயே மூழ்கிப்போயிற்று. பாரந்தூக்கி ஒன்று கப்பலின் மேற்றளத்தில் வீழ்ந்தது. மாற்றாக, மூர்மன்ஸ்கில் இரண்டு உலர்துறைகளை ஒன்றாக்கவேண்டியதாயிற்று. 2019 டிசெம்பரில் தீப்பற்றி உயிர்களும் போயின. 2022இல் மீண்டும் சிறு தீ. 2025 ஜூலையில், அந்நாட்டுக் கப்பல்கட்டும் கூட்டு நிறுவனத்தின் தலைவரே, இனிப் பழுதுபார்ப்பதிற் பொருளில்லை என்னும் கருத்தை வெளியிட்டார்.

மாணாக்கரின் வினாவுக்கு நான் தோட்டத்து மொழியிலேயே விடை கூறினேன். கவ்வாத்து வெட்டாத தேயிலை மலையைப் பார்த்திருக்கிறீர்களா? சில ஆண்டு விட்டால் செடி மரமாகி, இடுப்பளவில் நின்ற கொழுந்து எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பணம் வந்ததும் நாளைக்கே வெட்டிவிடலாம் என்று துரைமார் நினைப்பர். கத்தி கடைகளில் கிடைக்கும். வெட்டத் தெரிந்தவனோ கொழும்பிற் கடைச் சிப்பந்தியாகப் போய்ப் பத்து ஆண்டாயிற்று. அவனிடம் கற்றிருக்கவேண்டிய மகனும் உடன் போய்விட்டான். ருஷ்யருக்கு நேர்ந்தது இதுவே. அவர்களிடம் இரும்புண்டு, எண்ணெயுண்டு, பொறிநூல் வல்லாருண்டு, நிக்கொலாயெவ் இல்லை. அதுவும் அவர்களுக்கு மட்டும் இல்லாமற் போகவில்லை. அந்தத் துறை உக்ரேனியர் கையிலேயே நொடித்துத் திவாலாயிற்று.

இதனை ருஷ்யர் உணராதவரல்லர். பிரான்சிடமிருந்து மிஸ்ராl வகைக் கப்பல்கள் இரண்டை வாங்க 2011இல் ஒப்பந்தம் செய்தனர். கிரிமியா நிகழ்ச்சிக்குப் பின் 2015இல் அது முறிந்து, அக்கப்பல்கள் எகிப்துக்குப் போயின. ‘ஷ்டோர்ம்’ என்னும் பெருங் கப்பலின் மாதிரியுருவை 2015இற் காட்சிக்கு வைத்தனர். இன்றுவரை அது மேசைமேல் நிற்கும் மாதிரியே. இன்னும் ஒரு தலைமுறைக்குள் ருஷ்யக் கொடியுடன் புதிய விமானந்தாங்கி ஒன்று பெருங்கடலிற் செல்லும் என்று நான் நம்பவில்லை.

அதுகொண்டு ருஷ்யக் கடல்வலி ஒழிந்தது என்பார் அவசரக்காரர். செவெரோத்வின்ஸ்கில் நீர்மூழ்கி கட்டும் வேலை இடையறாது நடந்துவந்துள்ளது. அணுவாயுதம் ஏந்திய போறெய் வகை நீர்மூழ்கிகள் அங்கிருந்தே வருகின்றன. கை விடாத தொழில் அங்கே நிலைத்தது. ஆதலின் அந்நாட்டின் வலி இனி நீரின் மேலன்று, நீரின் கீழேயே இருக்கும். மேலே நிற்பவற்றின் நிலையையும் காண்கின்றோம். 2022 ஏப்ரிலில் உக்ரேனியரின் ஏவுகணைகளால் மூழ்கிய மொஸ்க்வா என்னும் தலைமைக் கப்பலும் நிக்கொலாயெவில் பிறந்ததே. 2023 ஓகஸ்டில், நொவொறொஸிய்ஸ்க் துறைமுகத்தருகே ஆளில்லாச் சிறு படகொன்று ருஷ்யப் போர்க்கப்பலைத் துளைத்தது. ருஷ்யாவுக்குச் செல்லும் சரக்குகள் இறங்கும் பெருந்துறைகளுள் அதுவும் ஒன்று. ருஷ்யரோ நம் தேயிலையை நெடுங்காலமாக வாங்கிவருபவர். 2017 டிசெம்பரில் ஒரு சரக்கில் வண்டு காணப்பட்டதென்று அவர்கள் சில நாள் இறக்குமதியை நிறுத்தியபோது, எங்கள் தாழ்நிலத் தோட்டங்கள்வரை கலக்கம் எட்டிற்று. அக்கடலின் அமைதி எங்கள் லயத்து அடுப்புக்குத் தொலைவிலில்லை.

ருஷ்யர் கட்டிய விமானந்தாங்கி நம் நாட்டுக்கும் வந்ததுண்டு, வேறு கொடியுடன். 2016 ஜனவரியில் விக்கிரமாதித்யா கொழும்புத் துறைக்கு வந்தது. அயல்நாடொன்றுக்கு அது நல்லெண்ணப் பயணமாக வந்தது அதுவே முதன்முறை. 2025 நவம்பர் இறுதியில், இலங்கைக் கடற்படையின் 75ஆம் ஆண்டை ஒட்டி, கொச்சியிற் கட்டப்பெற்ற விக்ராந்த் வந்தது. அந்நாட்களிலேயே டித்வா புயல் வீசி, கேகாலை மாவட்டத்திலும் மலைகள் சரிந்தன. விழாவுக்கு வந்த கப்பலின் ஹெலிகொப்ரர்கள் மீட்புப் பணிக்குப் பறந்தன. அதன் போர்விமானங்களாகிய மிக்-29கள் ருஷ்யாவிற் செய்யப்பெற்றவை. அவற்றோடு நிற்பதற்கென, 2025 ஏப்ரிலில் இந்தியா பிரான்சிடம் 26 ரஃபால் விமானங்களுக்கு ஒப்பந்தம் எழுதியுள்ளது.