நகைப்பாட்டும் ஓவியமும்

செவிக்கு இனிய ஓசையும், கண்ணுக்கு இனிய ஓவியமும், உள்ளத்திற்கு இனிய நகையும் ஒருங்கே அமைந்த நூலைக் குழந்தைகள் தாமே விரும்புவர். எழுத்தறியாக் குழந்தையும் ஓசையை அறியும். சொற்பொருள் அறியாக் குழந்தையும் ஓவியத்தை அறியும். ஆதலின், படங்களோடு கூடிய நகைப்பாட்டே குழந்தைகள் கவிதை உலகிற் புகுதற்கு எளிய வாயிலாகும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணுமிடத்து நகையையே முதற்கண் வைத்தமை ஈண்டு நினைத்தற்குரியது.

இத்தகைய நூல்களுள் தலைசிறந்த ஒன்று வங்க மொழியில் உள்ளது. 'ஆபோல் தாபோல்' என்பது அதன் பெயர்; பொருத்தமற்ற பேச்சு என்பது அப்பெயரின் பொருள். பாட்டும் படமும் ஆகிய இரண்டனையும் ஆக்கியவர் சுகுமார் ராய் ஆவார்.

அவர் 1887 ஆம் ஆண்டில் கல்கத்தா நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் உபேந்திர கிசோர் ராய், எழுத்திலும் ஓவியத்திலும் வல்லவர். படங்களை அச்சிடும் கலையில் இந்நாட்டின் முன்னோடி. சுகுமார் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்றார். 1911 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று நிழற்படக் கலையையும் அச்சுக் கலையையும் கற்றார். 1913 ஆம் ஆண்டில் தந்தையார் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் திங்களிதழைத் தொடங்கினார். அச்சொல் வங்க மொழியில் செய்தியையும் குறிக்கும். ஓர் இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். 1915 ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தபின் இதழாசிரியப் பொறுப்பு மகனைச் சேர்ந்தது. அவ்விதழில் வெளிவந்த பாட்டுகள் பலவே பின்னர் நூல் வடிவம் பெற்றன.

அந்நூலின் ஒரு பாட்டில் இருவேறு உயிர்கள் ஒன்றாய் இணைந்து புதிய உயிர்கள் ஆகின்றன. வங்க மொழியில் 'ஹான்ஸ்' என்பது வாத்து. 'சஜாரு' என்பது முள்ளம்பன்றி. இரண்டும் கூடி 'ஹான்ஸ்ஜாரு' ஆயின. முதற்சொல்லின் இறுதி ஓசையும் அடுத்த சொல்லின் முதல் ஓசையும் ஒத்திருத்தலே இதன் நுட்பம். நம் மொழியில் எருமையையும் மைனாவையும் இணைத்து 'எருமைனா' என்று கூறிப் பார்த்தால் இந்நுட்பம் விளங்கும். இடைநின்ற 'மை' இரு சொற்கும் பொதுவாதலின் ஓசை முறியாது இணைகின்றது. எருமையும் கிளியும் இவ்வாறு இணையா. அவற்றை ஒட்டினும் நகை பிறவாது. புதிய பெயரைக் கேட்ட குழந்தை, "அஃது எவ்வாறு இருக்கும்?" என்று வினவும். அவ்வினாவிற்கு ஓவியம் விடை தருகின்றது.

மற்றொரு பாட்டில், அலுவலகத் தலைமை எழுத்தர் ஒருவர் திடீரெனத் தம் மீசை களவு போயிற்று என்று கூக்குரலிடுகின்றார். அருகிலிருந்தோர் கண்ணாடியைக் காட்டுகின்றனர். மீசை இருந்த இடத்திலேயே உள்ளது. அவரோ, கண்ணாடியில் தெரியும் மீசை தம்முடையது அன்று என்று சினக்கின்றார்! பிறிதொரு பாட்டில், சிற்றப்பன் ஒருவர் ஒரு பொறியை இயற்றுகின்றார். அதனைத் தோளிற் பூட்டிக்கொண்டால் உண்டிகள் முகத்தின் முன்னே தொங்கும். உண்ணும் ஆசையால் மனிதன் விரைந்து நடப்பான். அவன் நடக்க நடக்க உண்டியும் முன்னே செல்லும். இப்பொறியின் உறுப்புகளையெல்லாம் சொல்லால் விளக்கப் புகுந்தால் பாட்டு நீளும், நகை குன்றும். ஆகவே, பொறியின் வடிவைப் படம் காட்டுகின்றது. அவன் ஆசையையும் ஓட்டத்தையும் பாட்டு உரைக்கின்றது. ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது.

பொருத்தமற்றவற்றைப் பாடுதல் எளிது என்று சிலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. பொருள் தடம் மாறிச் செல்லும் பாட்டில் ஓசை சிறிதும் தடம் மாறுதல் கூடாது. கயிறு உறுதியாக இருந்தாலன்றோ ஊஞ்சலில் அஞ்சாது உயர ஆடலாம்? நகைப்பாட்டிற்குச் சந்தமும் இயைபும் அக்கயிறு போன்றவை.

1921 ஆம் ஆண்டில் சுகுமார் ராயைக் காலா அசார் என்னும் கொடிய நோய் பற்றியது. அவருடைய ஒரே மகன் பிறந்ததும் அவ்வாண்டிலேதான். பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராய் உலகப் புகழ் பெற்ற சத்தியஜித் ராய் அம்மகனே. இரண்டாண்டுகளுக்கு மேலாகியும் நோய் நீங்கவில்லை. படுக்கையில் இருந்தவாறே சுகுமார் பாட்டுகள் புனைந்தார், படங்கள் வரைந்தார், நூலின் அமைப்பையும் தாமே வகுத்தார். 1923 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள், தம் 35 ஆம் வயதில் அவர் காலமானார். ஒன்பது நாட்கள் கழித்து, செப்டம்பர் 19 ஆம் நாள் நூல் வெளிவந்தது. அதனைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. நூலின் இறுதிப் பாட்டில் விடைபெறுவார் ஒருவரின் குரல் மெல்லக் கேட்கின்றது; ஆயினும் அங்கும் விளையாட்டு மறையவில்லை.

இத்தகைய பாட்டைக் குழந்தைக்கு அறிமுகம் செய்வோர் மனங்கொள்ள வேண்டியவை சில உள. பாட்டைத் தாளம் பிழையாது உரக்கப் படித்தல் வேண்டும். படத்தை உடனே காட்டாது, குழந்தையின் மனத்தில் ஓர் உருவம் எழுந்தபின் காட்டுதல் நன்று. "இதனால் அறியப்படும் நீதி யாது?" என்று வினவுதல் ஆகாது, அது மலரின் இதழ்களைக் கிள்ளி மணத்தைத் தேடுவது போலாகும். மீண்டும் படிக்குமாறு குழந்தை வேண்டினால் சலியாது படித்தல் வேண்டும். குழந்தை தானே ஒரு புதிய உயிரைப் புனைந்து, பெயரிட்டு, வரையத் தலைப்படுமாயின் பாட்டு தன் பயனை எய்தியதாகும்.

தம்பியும் தங்கையும் உடைய மாணவர் இப்பணியைத் தம் இல்லத்திலேயே தொடங்கலாம். ஒருவர் தம் நோய்ப்படுக்கையிலும் விடாது செய்த பணியை, நலமுடையோர் நாள்தோறும் ஒரு நாழிகை செய்தல் அரிதன்று.