ஊர்ப்பெயர் சொல்லும் செய்தி

நாம் நாள்தோறும் சொல்லும் ஊர்ப்பெயர்களுக்கு என்ன பொருள்? நெகிரி செம்பிலான் என்றால் ஒன்பது நாடுகள். சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் மக்கள் அமைத்த சிறு நாடுகள் ஒன்றுசேர்ந்ததால் வந்த பெயர் அது.

மலாய் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் நிலத்தைப் பார்த்து வைத்தவை. 'சுங்கை' ஆறு; 'புக்கிட்' குன்று; 'பாயா' சதுப்பு நிலம். நாம் 'கோலா' என்பது மலாயில் 'குவாலா', அதாவது ஆற்றுமுகம். ஆகவே கோலாப்பிலா, பிலா ஆற்றின் முகம். கடல் கடந்த ஸ்காட்லாந்திலும் இப்படித்தான். அங்குள்ள இன்வர்னஸ் நகரின் பெயருக்குக் கேலிக் மொழியில் நெஸ் ஆற்றின் முகம் என்றே பொருள்.

பகாவ் வட்டாரத்து ஜெராம் பாடாங் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 'ஜெராம்' என்றால் பாறைகளிடையே பாய்ந்தோடும் நீர்; 'பாடாங்' திடல். புக்கிட் பெலாண்டோக், சருகுமான் குன்று. போர்ட்டிக்சன் அப்படியல்ல; அது டிக்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயர்.

பொருள் தெரிந்தால் பயனுண்டு. 'பாயா' என்னும் இடத்தில் மனை வாங்குபவர், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று முதலில் விசாரிப்பது நல்லது.

நம் முன்னோரும் தோட்டங்களுக்குத் தமிழில் பெயரிட்டார்கள். கங்காணியின் பெயரால் வழங்கியவையும் உண்டு. அவை வரைபடத்தில் ஏறவில்லை, வாய்ச்சொல்லாகவே வாழ்ந்தன. நீலாய்ப் பக்கத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இடிந்தால் பெயரும் போய்விடும். தாத்தா பாட்டியிடம் கேட்டு, உங்கள் தோட்டத்தின் தமிழ்ப்பெயரையும் அது வந்த காரணத்தையும் பிள்ளைகள் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.