படத்தில் இல்லாத வால்

செல்லப் பிராணிகளைப் புகைப்படம் பார்த்து வாட்டர் கலரில் வரைந்து தரும் தொழில் பெருநகரங்களில் வேரூன்றிவிட்டது. போனில் ஒரு விநாடியில் கிடைப்பதற்கு வாரக்கணக்கில் ஏன் காத்திருக்கிறார்கள்?

ஓவியருக்கு வந்து சேரும் புகைப்படங்களில் நாய் முழுசாக இருப்பது அபூர்வம். தீபாவளிக்குக் குடும்பமே வரிசையாக நிற்கும் படத்தின் ஓரத்தில் பாதி முகம். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் இரண்டு காதுகள். சோபாவுக்கு அடியிலிருந்து, பிளாஷ் வெளிச்சத்தில் பச்சையாக ஜொலிக்கும் ஒரு ஜோடிக் கண்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்கள் வீட்டுக்குள் ஓடித் திரிந்த ஜீவனை உட்காரவைத்து ஒழுங்காகப் படம் எடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. அது போன பிறகுதான் போனையும் பழைய ஆல்பங்களையும் துழாவுவார்கள். தேறுகிற ஒன்றிரண்டை அனுப்பிவைப்பார்கள். கூடவே ஒரு குறிப்பு: வால் இதில் தெரியவில்லை, நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும்.

மும்பை, புனே, பெங்களூர், தில்லி, கொல்கத்தா என்று எல்லா ஊர்களிலும் இன்று இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கலைக் கல்லூரியில் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரைய உட்காரும் பெண்கள், இதையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்ட இளைஞர்கள். ஆர்டர் இன்ஸ்டாகிராமில் வருகிறது, பணம் யு.பி.ஐ.யில் வருகிறது, படம் இரண்டு அட்டைகளுக்கு நடுவே கூரியரில் போகிறது. வாங்குபவரும் வரைபவரும் நேரில் சந்திப்பதே இல்லை. வரையப்படும் பிராணியை ஓவியர் பார்த்ததில்லை; பல சமயம் இனிப் பார்க்கவும் முடியாது.

இதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஏன் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். புகைப்படத்தை ‘வாட்டர் கலர்’ ஆக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வண்ணம் கசிவது, காகிதத்தின் சொரசொரப்பு எல்லாமே தத்ரூபமாகக் கிடைக்கின்றன. அழகு மட்டும்தான் விஷயம் என்றால் ஓவியர்கள் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் இயந்திரத்துக்குக் கொடுத்த படம்தான் தெரியும். அதில் இல்லாத இடத்தை உலகத்தில் உள்ள எல்லா நாய்களின் சராசரியால் நிரப்பிவிடும். வால் நுனி வெள்ளை என்பதை யாராவது அதனிடம் சொல்ல வேண்டும். காது ஏன் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது என்று அது தானாகக் கேட்காது. நல்ல ஓவியர் கேட்பார். வேலையில் பாதி அந்தக் கேள்விகள்தான்.

பழைய ஓவியர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. பிராணி எதிரிலேயே நின்றது. காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல் என்று நம்பியவர் ஜஹாங்கீர். பாபர் மிருகங்களை எழுத்தில் வர்ணித்தாரே தவிர ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்யவில்லை என்று தன் நினைவுக் குறிப்புகளில் குறைபட்டுக்கொண்டவர். 1621இல் அவருக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. யாரோ குதிரைக்குக் கோடு போட்டு ஏமாற்றுகிறார்கள் என்றுகூடச் சந்தேகம் எழுந்தது. சோதித்துப் பார்த்து நிச்சயமான பிறகு மன்சூர் அதை வரைந்தார். அந்தப் படம் இப்போது லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

கல்கத்தாவில் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி, தன் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த பறவைகளையும் மிருகங்களையும் வரைய, 1777 முதல் சில ஆண்டுகள் பாட்னா ஓவியர்களை அமர்த்தினார். ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் மூவரும் சேர்ந்து முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார்கள். காகிதம் இங்கிலாந்திலிருந்து வந்தது. கையில் இருந்தது முகலாயப் பயிற்சி. ஆனால் இன்றைய தொழிலுக்கு நேரடி மூதாதை என்று ஒருவரைச் சொல்வதானால் அது கல்கத்தா கராயா பகுதியைச் சேர்ந்த ஷேக் முகம்மது ஆமிர்தான். 1830, 40களில் ஆங்கிலேயர்களின் பங்களாக்கள், கோச் வண்டிகள், குதிரைகள், நாய்கள் ஆகியவற்றை வாட்டர் கலரில் வரைந்து கொடுத்துப் பிழைத்தவர். சில படங்களில் எஜமானர் இருக்கவே மாட்டார். குதிரையும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குதிரைக்காரரும் மட்டும். ஊருக்குத் திரும்பும் துரை குதிரையை விற்றுவிடுவார். படம் கூடப் போகும்.

பிறகு கேமரா வந்தது. ஆரம்பகாலக் கேமராவுக்கு மிருகங்கள் என்றாலே ஆகாது. பல விநாடிகள் அசையாமல் நிற்க எந்த நாயும் சம்மதிக்கவில்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் விழுந்தது. கேமரா வேகம் பெற்ற பின் ஓவியர்களுக்கு வேலை போயிற்று. எஞ்சியவர்கள் ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் பூசினார்கள். இப்போது சக்கரம் ஒரு சுற்று வந்து, அதே புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி தூரிகையை எடுக்கிறார்கள்.

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி, காதுகள் எங்கோ பின்னால் போய்விடும். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் தலை பானை மாதிரியும் கால்கள் குச்சி மாதிரியும் தெரியும். குண்டு பல்பு வெளிச்சத்தில் வெள்ளைப் பூனை மஞ்சளாகிவிடும். பிளாஷ் போட்டால், நாய், பூனைகளின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள பிரதிபலிக்கும் படலம் ஒளியைத் திருப்பி அனுப்பிக் கண்ணின் நிறத்தையே மறைத்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, ரோமம் மெழுகிய தரை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் ஃபைலாக அனுப்பச் சொல்கிறார்கள். இத்தனையையும் அப்படியே பிரதி எடுப்பவர் நாயை வரையவில்லை, லென்ஸின் கோளாறை வரைகிறார். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கு இது புரிகிறது. அச்சுப்பிழையையும் சேர்த்து மொழிபெயர்ப்பது விசுவாசம் ஆகாது.

அளவு இன்னொரு தொல்லை. புல்வெளியில் தனியாக நிற்கும் நாய் எவ்வளவு உயரம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பக்கத்தில் கேஸ் சிலிண்டரோ பிளாஸ்டிக் நாற்காலியோ இருக்கும் படம் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். அழகில்லாத அந்தப் படம்தான் பல நேரம் அதிகம் உதவுகிறது.

வரைய உட்கார்ந்தால் முதலில் கண். அது சரியாக வராவிட்டால் மற்றதை வரைந்து பயனில்லை என்பதால் பலர் அங்கேயே தொடங்குகிறார்கள். வாட்டர் கலரில் வெள்ளை என்பது பூசும் நிறம் அல்ல, பூசாமல் விட்ட காகிதம். விழியில் மின்னும் அந்தச் சின்னப் புள்ளியை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். அதன் மேல் வண்ணம் ஏறிவிட்டால் பிறகு கெட்டி வெள்ளையை வைத்து ஒப்பேற்றலாம், உயிர் இருக்காது. மீசை முடிகளுக்கு மறைப்புத் திரவம் தடவிக் கடைசியில் உரித்து எடுப்பவர்கள் உண்டு. காய்ந்த பிறகு பிளேடு நுனியால் கீறுபவர்களும் உண்டு.

கறுப்பு நாய்தான் பரீட்சை. கறுப்பு டியூபைப் பிதுக்கிப் பூசினால் காகிதத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் கலந்து கறுப்பை உண்டாக்குகிறார்கள். வெயில் படும் முதுகில் நீலம் தூக்கலாக, வயிற்றுப் பக்கம் பழுப்பு தூக்கலாக. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நம் நாட்டு நாய்களுக்கு வேறு பிரச்னை. லாப்ரடாருக்கு ஓர் அச்சு இருக்கிறது, இவற்றுக்குக் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு தனி முகம்.

வானிலையும் கூட்டாளி. ஜூலை மாத மும்பையில் ஒரு பூச்சு காய்வதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மே மாதத் தில்லியில் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து, ஓரத்தில் கோடு விழுந்துவிடும். ஈர ஊர்களில் கண்ணாடி காகிதத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பூத்துவிடும்.

ஆனால் உண்மையான பேரம் நிறத்தைப் பற்றியது அல்ல, வயதைப் பற்றியது. தெளிவாக இருக்கும் ஒரே படம் பெரும்பாலும் கடைசி வருடத்தில் எடுத்தது. முகவாய் நரைத்து, கண்ணில் நீலம் பாய்ந்திருக்கும். வீட்டுக்காரர்கள் மனதில் இருப்பதோ நாலு வயதில் கேட்டைத் தாண்டிக் குதித்த நாய். நரையை எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் நரை இருக்கட்டும். அந்த வீட்டில் அது கிழடானது என்பதற்கு வேறு என்ன சாட்சி? கண்புரை விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. தன்னைப் பார்த்த கண்ணைத்தான் ஒருவர் கேட்கிறார். நோயை வரைந்து கொடுத்து நேர்மை பேசுவதில் என்ன லாபம்? இதில் ஓவியர்களே இரண்டு கட்சி. கழுத்துப் பட்டையை எடுத்துவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அது இல்லாவிட்டால் அடையாளமே தெரியாது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாய்களை ஒரே காகிதத்தில் சேர்த்து வரையச் சொல்வதும் உண்டு. முதல் நாய் இறந்து சில வருடம் கழித்துத்தான் இரண்டாவது வந்திருக்கும். ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஒன்று ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம், இன்னொன்று மொட்டைமாடி வெயிலில் எடுத்தது. நிழல் ஒரே பக்கம் விழும்படி செய்தால்தான் இரண்டும் ஒரே வீட்டு நாய்கள் ஆகும்.

சட்டம் தெரியாமல் செய்யும் வேலை அல்ல இது. இணையத்தில் கிடைத்த யாரோ எடுத்த படத்தைப் பார்த்து வரைந்து விற்றால் எடுத்தவரின் உரிமையில் கை வைத்ததாகும். இன்னொரு விஷயம் பல ஓவியர்களுக்கே வியப்பாக இருக்கும். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே முதலில் சேரும். படத்தை அச்சிட்டுக் காலண்டராக விற்க நினைக்கும் ஓவியர் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தூரிகையிலும் ஒரு விவகாரம் இருக்கிறது. மெல்லிய ரோமக் கோடுகளுக்குக் கீரிமுடித் தூரிகைதான் சிறந்தது என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை. கீரி 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பிராணி. 2019இல் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவு ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்று பெயரிட்டுப் பல மாநிலங்களில் சோதனை நடத்தி, 50,000க்கும் மேற்பட்ட கீரிமுடித் தூரிகைகளைப் பிடித்தது. ஒரு பிராணியின் நினைவைப் போற்ற இன்னொன்றைக் கொன்ற முடியா என்று கூச்சப்பட்டுச் செயற்கை இழைக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். இப்போது வரும் செயற்கை இழைகள் மோசமில்லை. அதே சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்தான் என்பது, கிளியின் படத்தோடு வருகிற வாடிக்கையாளர் பலருக்குத் தெரியாது.

நாய்க்குப் போய் நினைவுச்சின்னமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். கர்நாடகத்தில் ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பன்றியோடு போராடி அதைக் கொன்று தானும் மடிந்த காளி என்ற வேட்டை நாய்க்கு எடுத்த கல். கங்க மன்னன் பூதுகனிடம் போர்ப் பரிசாக மணலேரன் கேட்டு வாங்கிய நாய் அது. கல்லில் நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள பல்லவர் கால நடுகல்லில் வீரனோடு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். அரசர்களின் பெயர்களே அழிந்துபோன நாட்டில் இந்த இரண்டு நாய்களின் பெயர்கள் நமக்குத் தெரியும்.

பெயர் எழுதுவது இன்றும் கடைசி வேலை. படம் முடிந்து, வாடிக்கையாளர் போனில் பார்த்துச் சரி என்ற பிறகு, கீழ் மூலையில் என்ன எழுதுவது என்று ஓவியர் கேட்கிறார். தடுப்பூசி அட்டையில் புருனோ என்றோ ராக்கி என்றோ ஒரு பெயர் இருக்கும். அடுத்த நாள்தான் பதில் வருகிறது, வீட்டில் கூப்பிட்ட பெயரோடு. எந்த எழுத்தில் என்று ஓவியர் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது. வங்காளி வீட்டு நாய்க்குப் புனேக்காரர், தமிழ் வீட்டுப் பூனைக்குத் தில்லிக்காரர். தெரியாத எழுத்தைக் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு வளைவாகப் பார்த்து, அதையும் ஒரு படம் போலவே வரைகிறார்கள்.